அமெரிக்க மரைன் படையோட பூட் கேம்ப்பில் (புது ஆட்களுக்கான பயிற்சி) நிஜமாவே கஷ்டம் எது? கத்தலை விட்டுட்டுச் சொல்லுங்க

மணல்பூச்சி

மஞ்சள் காலடித் தடம், ராத்திரி பஸ், மொட்டை, வீட்டுக்கு அந்த ஒரு போன், டிரில் இன்ஸ்ட்ரக்டர்கள் முதல்ல பொறுப்பெடுக்கற பிளாக் ஃப்ரைடே கத்தல்... எல்லாம் யூடியூப்ல பார்த்துப் பார்த்துச் சலிச்சாச்சு. தென் கரோலினாவுல இருக்கற பாரிஸ் தீவு கேம்ப்னா இன்னிக்கும் உறுத்தறது ஒண்ணே ஒண்ணுதான். அட்டென்ஷன்ல நிக்கும்போது காது மடல்ல வந்து உக்கார்ற சாண்ட் ஃப்ளீ.

ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். கொசுவலை ஓட்டையில நுழைஞ்சு வந்துடும். தீவைச் சுத்தி உப்புச் சதுப்பு, அந்தச் சேத்துலதான் புழு வளருது. பெண் பூச்சி மட்டும் ரத்தம் குடிக்கும். விடியற நேரம், பொழுது சாயற நேரம், காத்து அடங்கியிருந்தா கூட்டமா கிளம்பும். கொஞ்சம் காத்து வீசினாலே அதால பறக்க முடியாது. ஆனா பரேட் டெக்குல நிக்கற நேரம் பார்த்துதான் காத்து நிக்கும்! கட்டைவிரல் பேன்ட் தையல் மேல, பார்வை நேரா. கீழுதட்டை நீட்டி மேல ஊதினாக்கூட கன்னம் அசையறதை வச்சு டி.ஐ. (டிரில் இன்ஸ்ட்ரக்டர்) கண்டுபிடிச்சுடுவார்.

ஒருத்தன் தட்டிட்டான்னா, "அதுக்கும் சாப்பாடு வேணாமா?"ன்னு ஒரு கத்து. மொத்த பிளட்டூனும் மணல் பிட்டுக்கு. புஷ்-அப், மவுன்டன் கிளைம்பர், சைட் ஸ்ட்ராடில் ஹாப், திரும்பப் புஷ்-அப். வேர்வையில மணல் ஒட்டும். மூச்சு வாங்க வாங்க அந்த மூச்சுக்காத்தை மோப்பம் பிடிச்சு இன்னும் நாலு கூட்டம் வரும். சான் டியேகோ கேம்ப்காரங்களுக்கு இது சொன்னாலும் புரியாது.

எட்சன் ரேஞ்ச்

ஆரம்பிச்சாச்சா! மிசிசிப்பிக்குக் கிழக்கே சேர்ந்தா பாரிஸ் தீவு, மேற்கே சேர்ந்தா சான் டியேகோ. யாரும் ரெசார்ட் பார்த்து டிக்கெட் போடல. கூலிங் கிளாஸ் குடுத்தாங்களான்னு கேக்கற ஜோக்கும் பழசாயிடுச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் ஏர்போர்ட்டு. ஒவ்வொரு ஃபிளைட்டும் தலைக்கு மேல வீட்டுக்குப் போற சத்தத்தோட டிரில் பண்ணிப் பாருங்க.

அதை விடுங்க. ரீப்பர். கேம்ப் பென்டில்டன்ல குரூசிபிள்ங்கற இறுதிச் சோதனையோட கடைசி நாள் விடியறதுக்கு முன்னாடி ஏறற மேடு. 54 மணி நேரத்துல 45 மைலுக்கு மேல நடந்து, தூக்கமும் சாப்பாடும் அரைகுறையா வர்ற காலோட, பேக், ரைபிள், ஹெல்மெட் எல்லாம் சேத்து ஏறணும். ஏத்தம் மட்டும் 700 அடி கிட்ட.

அதுல ஆளைக் கொல்றது ஏத்தம் இல்ல, வரிசை. முன்னாடி போறவன் சரிவு தொடங்கற இடத்துல ஒரு அடி குறைப்பான். நாப்பதாவது ஆள்கிட்ட வரும்போது அது முழு நிறுத்தமா ஆகியிருக்கும். இடைவெளி விழுந்ததும் "குளோஸ் இட் அப்!"னு கத்து, பின்னாடி இருக்கறவன் சுமையோட ஓடணும். நிக்கறது, ஓடறது, நிக்கறது. தொடை பிடிச்சுக்கறது இதனாலதான். அடியைச் சின்னதா வச்சு, நிக்காம, முன்னாடி ஆளோட பூட்ஸைப் பார்க்காம தோளைப் பார்த்து நடந்தா பாதி ஓட்டம் மிச்சம். இறங்கும்போது வேற வினை: லேஸ் தளர்ந்திருந்தா கால் முன்னாடி சரிஞ்சு பெருவிரல் நகம் கறுத்துடும். உச்சியிலயே கணுக்கால் பக்கம் இழுத்துக் கட்டிக்கணும். அந்த நேரத்துல குனிஞ்சு லேஸ் கட்ட யார் விடுவாங்கங்கறது தனிக் கேள்வி.

வன்னி

உங்கட சண்டையை விடுங்கோ. ஒருத்தரும் ஃபயர் வாட்ச்சைப் பற்றிச் சொல்லேல்லையே.

இரவில எட்டு மணித்தியாலம் நித்திரை எண்டு அட்டவணையில இருக்கும். நடுவில ஒரு மணித்தியாலம் எழும்பி ஸ்குவாட் பே, அதாவது எல்லாரும் படுக்கிற மண்டபத்தைக் காவல் பாக்க வேணும். எழுப்பிறவன் வந்து உலுக்கி, உடுப்புப் போட்டு, முடிஞ்சு வந்து திரும்பக் கண் அயர எண்டு பாத்தா ஒண்டரை மணித்தியாலம் போயிடும். அதிலயும் நடுச்சாமப் பங்கு கிடைச்சவனுக்கு நித்திரை ரெண்டு துண்டு.

வேலை எண்டு பாத்தா எண்ணுறதுதான். கட்டில்ல எத்தினை ஆள், றக்கில எத்தினை ரைபிள், எந்தப் ஃபுட்லொக்கரில பூட்டு ஒழுங்காப் பூட்டேல்லை. இருட்டுக்க எண்ணேக்க ஒண்டு குறைஞ்சா, அநேகமா ஒருத்தன் ஹெட்டுக்கு (கக்கூசுக்கு) போயிருப்பான். அதைக் கேட்டு வைக்காமல் கணக்கைச் சொன்னாத் துலைஞ்சுது. டி.ஐ. அறைக் கதவு சத்தமில்லாமல் திறக்கும். "ஜெனரல் ஆர்டர் ஆறு என்ன?" எண்டு கேப்பார். காவல் நிக்கிறவனுக்கான பதினொரு கட்டளையும் பகலில பாடமா வரும். நடுச்சாமத்தில ஆறும் ஏழும் ஒண்டோடொண்டு கலந்துபோகும். அந்த ஒரு கணத்தில வாய் திறந்தபடி நிக்கிற பெடியனின்ர முகம் இருக்கே, அது கத்தலை விடப் பெரிய தண்டனை.

டாக்

எல்லாரும் சௌகரியமா மறந்துட்டீங்க. பீனட் பட்டர் ஷாட்.

பென்சாத்தின் பென்சிலின், 12 லட்சம் யூனிட், பின்பக்கத் தசையில. ஃப்ரிட்ஜ்ல இருக்கற மருந்து, பசை மாதிரி கெட்டி, அதனால ஊசியும் பருமன். அவசரமா அழுத்தினா உள்ள ஒரு கட்டி உக்காந்துடும், ரெண்டு நாள் நேரா உக்கார முடியாது. முன்கூட்டி எடுத்து வச்சு அறைச் சூட்டுக்கு வந்ததும், மெதுவா, ஒரே சீரா ஏத்தணும். லைன்ல நிக்கறவனுக்கு ஊசியைவிட முன்னாடி போனவனோட நடைதான் பயம். ஏன் போடறாங்கன்னா, ஒரே ஹால்ல அறுபது எழுபது பேர் அடுக்குக் கட்டில்ல படுக்கற இடத்துல ஸ்ட்ரெப் தொண்டை சட்டுனு பரவும். கவனிக்காம விட்டா ருமாட்டிக் காய்ச்சல், இதய வால்வு வரைக்கும் போகும். இந்த ஒரு ஊசி மூணு வாரத்துக்கு மேல காவல் நிக்கும். பென்சிலின் அலர்ஜி இருக்கறவன் வாயைத் திறந்து சொல்லணும். பயத்துல "நோ, சர்!"னு கத்திட்டு அப்புறம் மூச்சுத் திணறக் கூடாது.

எட்சன் தம்பி லேஸ் பத்திச் சொன்னது சரி. ஆனா கால்னு பேச்சு வந்தாச்சு, முழுசா சொல்லிடறேன், யாரும் கேக்கலைன்னாலும். கொப்புளம் உரசல்ல மட்டும் வராது. ஈரமும் சூடும் சேரணும். முதல்ல "ஹாட் ஸ்பாட்", சிவந்து சூடா இருக்கும். அப்பவே மோல்ஸ்கின் ஒட்டினா கதை முடிஞ்சுது. ஒட்டற துண்டு மூலை மழுங்கலா இருக்கணும், கூர் மூலை சாக்ஸ்ல மாட்டி உரிஞ்சுடும். தோல் காஞ்சிருக்கணும், இல்லேன்னா ஒட்டவே ஒட்டாது. உள்ள மெல்லிசா ஒரு லைனர், மேல கம்பளி சாக்ஸ். உரசல் தோலுக்கும் துணிக்கும் நடுவுல நடக்காம ரெண்டு துணிக்கும் நடுவுல நடக்கும். சாக்ஸ் மடிப்பு விரலுக்கு அடியில இருக்கவே கூடாது. ஹால்ட் கிடைச்சா தண்ணிக்கு முன்னாடி சாக்ஸ். நீர் கட்டிடுச்சுன்னா ஓரத்துல சுத்தமான ஊசியால குத்தி வடிக்கணும், மேல்தோலைப் பிய்க்கக் கூடாது. சிவப்பு ஓரத்தைத் தாண்டி பரவுது, தொட்டா சூடு, காய்ச்சல்னா அது செல்லுலைடிஸ். அன்னிக்கே சிக் கால், அதாவது டாக்டர்கிட்ட போகணும். வேற பிளட்டூனுக்குத் தள்ளிடுவாங்கன்னு ஒளிச்சு ஒளிச்சுக் கடைசியில ஆஸ்பத்திரியில படுக்கறவங்கதான் நிஜமாவே வாரக் கணக்குல பின்தங்கறாங்க. முழங்காலுக்குக் கீழ எலும்புல ஒரே புள்ளியில விரல் வச்சா வலிக்குதுன்னா அது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் சந்தேகம். தசைவலி அப்படி ஒரு புள்ளியில நிக்காது.

இன்னொண்ணு, தண்ணி. "குடி, குடி"ன்னு கத்தறதைக் கேட்டு கேன்டீன் கேன்டீனா ஊத்தறதும் ஆபத்து. மணிக்கு ஒன்றரை குவார்ட், அதாவது கிட்டத்தட்ட 1.4 லிட்டர், அதுக்கு மேல வேண்டாம். நாளுக்கு 12 குவார்ட்டைத் தாண்டக் கூடாது. அதிகமானா ரத்தத்துல சோடியம் இறங்கும். தலைவலி, வாந்தி, உளறல்னு பார்க்க வெயில் அடிச்ச மாதிரியே இருக்கும். அதைப் பார்த்து இன்னும் தண்ணி குடுத்தா ஆள் வலிப்புக்குப் போயிடுவான். உடம்புச் சூடு அளக்காம முடிவு பண்ணாதீங்க.

ஐந்நூறு கெஜம்

டாக், கால் புராணம் அருமை, ஆனா ரேஞ்ச் வாரத்தை விட்டுட்டீங்களே. அதுவும் கிராஸ் வீக். ஒரு குண்டு கூட சுடாத வாரம்.

வெள்ளை பெயின்ட் அடிச்ச டிரம், அதுல குட்டி கறுப்பு டார்கெட். சுத்தி வட்டமா உக்காந்து மணிக்கணக்கா ஸ்னாப்-இன், குண்டு இல்லாம குறி பார்த்துப் பழகறது. உக்காந்த பொசிஷன்ல முழங்கை முழங்கால் எலும்பு மேல நிக்கக் கூடாது, எலும்பும் எலும்பும் வழுக்கும். கொஞ்சம் தாண்டி உள்பக்கச் சதையில பதியணும். லூப் ஸ்லிங்கை (ரைபிள் வாரை) மேற்கையில மேலே ஏத்தி இறுக்கினா கை ஊதாவா மாறும், துடிப்பு ரைபிள்ல தெரியும். அந்தத் துடிப்பு ரைபிள் நுனியில இருக்கற குறிக்கம்பி வழியா டார்கெட்டுல குதிக்கறதுதான் அந்த வாரத்தோட நிஜமான சித்திரவதை.

பார்வை சரியா விழலைன்னா கையால ரைபிளைத் தள்ளக் கூடாது. கண்ணை மூடி, ரெண்டு மூச்சு விட்டு, திற. எங்க நிக்குதோ அதுதான் உடம்போட இயல்பான குறி. அது தப்பா இருந்தா இடுப்பை நகர்த்து. 200 கெஜத்துல கையால சமாளிச்சவன் 500க்கு வரும்போது அம்பலமாவான். ஆர்.சி.ஓ. (ரைபிள் மேல மாட்டற டெலஸ்கோப்) வச்சா இன்னொரு வம்பு: கண்ணுக்கும் லென்ஸுக்கும் ஒன்றரை அங்குலம்தான். கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல ஒட்டலைன்னா ஓரத்துல கறுப்பு நிழல் வரும், குண்டு அதுக்கு எதிர்ப்பக்கம் போகும். பழைய கே.டி. கோர்ஸ் (தெரிஞ்ச தூரத்துலேர்ந்து சுடற தேர்வு) கணக்குல 50 குண்டு, 250 பாயின்ட். 190 மார்க்ஸ்மேன், 210 ஷார்ப்ஷூட்டர், 220 எக்ஸ்பர்ட். 189 எடுத்து ஒரு பாயின்ட்ல தவறவிட்டவன் முகத்தை, பிட்ஸ்ல (டார்கெட்டுக்குக் கீழ இருக்கற பள்ளத்துல) டார்கெட் இழுக்கறவன் பார்க்க முடியாது, அதுவரைக்கும் அவனுக்கு நல்லது.

இப்ப இதெல்லாம் ரொம்ப சாஃப்ட் ஆயிடுச்சுன்னு கேள்விப்படறேன்.

பழைய ஹேட்

"சாஃப்ட்"னு யாராவது எழுதுவாங்கன்னு காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

1956 ஏப்ரல் 8, ராத்திரி. பாரிஸ் தீவுல பிளட்டூன் 71ஐ ஒழுங்குபடுத்தறேன்னு ரிப்பன் கிரீக்குக்குள்ள நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. கடல் ஏத்த இறக்கத்துல ஓடற ஓடை, அடியில சேறு, நடுவுல திடீர்னு ஆழம். நீச்சல் தெரியாதவன் ஒருத்தன் தடுமாற, பக்கத்துல இருக்கறவனைப் பிடிக்க, ஆறு பேர் செத்தாங்க. டி.ஐ. தலைக்கு மேல ஆபீசர் கண்காணிப்பு இறுகினது அதுக்கப்புறம்தான். அது சாஃப்ட் இல்லய்யா, கணக்கு.

வெயில் அளவைப் பார்த்து ஏத்தற கொடி விஷயமும் அப்படித்தான். வெட் பல்ப் குளோப் அளவை இன்னிக்கு உலகம் பூரா விளையாட்டு மைதானத்துல வச்சிருக்காங்களே, அதைப் பாரிஸ் தீவுல வெயில்ல ஆட்கள் விழுந்ததனாலதான் 1950கள்ல உருவாக்கினாங்க. ஈரத் துணி சுத்தின வெப்பமானிக்கு 70 சதவீதம், கறுப்பு உருண்டைக்கு 20, நிழல் வெப்பத்துக்கு 10. ஈரப்பதத்துக்கு அவ்வளவு எடை ஏன்னா, வேர்வை காயலைன்னா உடம்பு குளிராது. ஃபாரன்ஹீட்ல 80க்குப் பச்சை, 85க்கு மஞ்சள், 88க்குச் சிவப்பு, 90க்குக் கறுப்பு. கறுப்புன்னா வெளியில பி.டி. (உடற்பயிற்சி) கிடையாது. அதுக்காக ஓய்வுன்னு நினைக்காதீங்க, ஸ்குவாட் பே குவார்டர்டெக் இருக்கு, உள்ளேயே தண்டனைப் பயிற்சி வாங்கற இடம். ஆள் விழுந்தா ஐஸ் தண்ணியில ஊறின ஷீட் கூலர்ல தயாரா இருக்கும். தலை, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் போர்த்தி, சூடானதும் மாத்திக்கிட்டே இருக்கணும். ஒரே ஷீட்டை அப்படியே விட்டா அது போர்வை ஆயிடும்.

கேஸ் சேம்பரை யாரும் தொடல. எம்50 மாஸ்க் போட 9 செகண்ட். மூச்சை நிறுத்து, கண்ணை மூடு, தாடையை உள்ள வை, வார் இழு. வெளிக்காத்து வால்வை உள்ளங்கையால பொத்தி பலமா ஊது, அப்புறம் ரெண்டு ஃபில்டரையும் பொத்தி இழு. மாஸ்க் முகத்தோட ஒட்டினா சீல் சரி. உள்ள போனதும் ரெண்டு விரலை விட்டு சீலை உடைக்கச் சொல்வாங்க. தப்பு நடக்கறது ஒரே இடத்துல: சீலை உடைக்கறப்போ பயத்துல மூச்சை முழுக்க வெளிய விட்டுடறான். திரும்ப ஊதி கிளியர் பண்ண நெஞ்சுல காத்து இல்ல. இழுத்தா சி.எஸ். (கண்ணீர்ப்புகை) முழுசும் உள்ள. கதவுப் பக்கம் ஓடினா அங்க ஒரு டி.ஐ. வெளிய வந்ததும் கையை விரிச்சு, காத்துக்கு முகம் காட்டி நட, தேய்க்காதே. அப்புறம் சுடுதண்ணியில குளிச்சா எல்லாம் போயிடும்.

டாக்

ஹேட் சார், கடைசி வரியை மட்டும் மாத்திக்கோங்க. சி.எஸ். வாயு இல்ல, நுண்ணிய தூள். முடியிலயும் காலர்லயும் உக்காந்திருக்கும். சுடுதண்ணி பட்டதும் தலையிலேர்ந்து கண்ணுக்கு இறங்கி ரெண்டாவது ரவுண்டு ஆரம்பிக்கும். பச்சைத் தண்ணி, சோப்பு, தலையை முன்பக்கம் குனிஞ்சு கழுவணும். அந்த உடுப்பைத் தனியா துவைக்கணும், ராக் (கட்டில்) மேல போடாதீங்க.

மணல்பூச்சி

எட்சன், ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். எங்க குரூசிபிள் முடிஞ்சு பேஜ் ஃபீல்ட்லேர்ந்து டெப்போவுக்கு நடக்கறது 9 மைல் சமதரை, அதனால ஈஸின்னு நினைப்பு உங்களுக்கு. மேட்டுல தசை மாறி மாறி வேலை செய்யும். சமதரையில ஒரே நீள அடி, ஒரே தசை, குதிகால்ல ஒரே இடம்.

அப்புறம் மரைன் ஆயாச்சுங்கற எம்ப்ளம் வாங்கிட்டு வாரியர்ஸ் பிரேக்ஃபாஸ்ட். மூணு எம்.ஆர்.இ. (பாக்கெட் சாப்பாடு) வச்சு ரெண்டு நாளுக்கு மேல ஓட்டின வயித்துக்கு ஸ்டேக், முட்டை, கேக், எவ்வளவு வேணும்னாலும். முட்டையில ஆரம்பிச்சு நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டவன் பிழைச்சான். ஸ்டேக்கை முதல்ல தொட்டவனெல்லாம் ஹெட்டுக்கு ஓட்டம்.

எட்சன் ரேஞ்ச்

அது இங்கயும் அப்படித்தான். ஐஸ்க்ரீம் வேற.