எல்லாம் ராத்திரியில்தான் வருமா?

தூக்கம்கெட்டவள்:
மகனுக்கு இரண்டரை வயது. ஆறு மாதத்தில் மூன்று தடவை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். மூன்றும் இரவு எட்டுக்கு மேல். பகலெல்லாம் ஆட்டம், விளக்கை அணைத்தால் காய்ச்சல். கடைசித் தடவை நாய் குரைப்பது போல ஓர் இருமல். போய்ச் சேர்வதற்குள் பாதி அடங்கிவிட்டது. டாக்டரைப் பார்த்துச் சிரிக்கிறான்! அங்கேயோ உட்கார இடமில்லை. பிள்ளைகள் எல்லாம் பேசிவைத்துக்கொண்டா வருகிறார்கள்? இல்லை, நான்தான் சும்மா பயப்படுகிறேனா?

ட்ரையாஜ் அக்கா:
பதினோரு வருடமாகக் குழந்தைகள் அவசரப் பிரிவில் நர்ஸ். பேசிவைத்த மாதிரிதான் வருவார்கள். உடம்புச் சூடு யாருக்கும் சாயங்காலம் கொஞ்சம் ஏறும், அதிகாலையில்தான் குறைவு. காலையில் லேசாக இருந்த காய்ச்சல் சாயங்காலம் கொதிக்கும். அதோடு, வேலை முடிந்து வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்க்கும் நேரமும், வழக்கமான டாக்டர் கதவைச் சாத்தும் நேரமும் ஒன்று. அந்தக் குரைக்கும் இருமலுக்குக் குரூப் (croup) என்று பெயர். வைரஸால் குரல்வளைப் பக்கம் வீங்குவது. அது ராத்திரியில்தான் மோசமாகும். வழியில் குளிர்காற்று பட்டு அடங்குவதும் உண்டு. வெட்கப்படாதீர்கள், எத்தனையோ பிள்ளைகள் என் மேசைக்கு முன்னால் சிரித்திருக்கிறார்கள்.

மாதத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குளிர் தொடங்கினால் இரண்டு வயதுக்குள்ளான குழந்தைகள், நெஞ்சில் வீசிங்கோடு. பள்ளி திறந்து சில வாரத்தில் ஆஸ்துமா. விடுமுறையில் கை எலும்பு முறிவு. 2020 ஊரடங்கில் அதெல்லாம் நின்று, காத்திருக்கும் அறை வெறிச்சோடிக் கிடந்தது. நிம்மதியாக இல்லை, வர வேண்டியவர்களும் பயந்து வரவில்லையோ என்றுதான் இருந்தது.

சரி, யோசிக்காமல் வர வேண்டியது எப்போது? மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தாலே வாருங்கள். மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தால், உதடு நீலமானால், சும்மா இருக்கும்போதே மூச்சில் கரகர சத்தம் கேட்டால், வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். மற்றபடி தெர்மாமீட்டரைவிடப் பிள்ளையைப் பாருங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு விளையாடினால் பாதி கவலை போச்சு.

ரிமோட் அப்பா:
எங்கள் வீட்டில் அது பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை. பெண் எதையோ விழுங்கினாள். காசு என்று நினைத்து ஒரு மணி நேரம் வீணாக்கினேன். எக்ஸ்ரேயில் ஓரம் இரட்டை வளையமாகத் தெரிந்தது. பட்டன் பேட்டரி, ரிமோட்டுக்குள் போடுகிற, காசு மாதிரி வட்டமான சின்ன பேட்டரி. அதன் பிறகு அந்த டாக்டர் நடக்கவில்லை, ஓடினார். தப்பித்தாள். இன்றுவரை அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் வயிறு கலங்கும்.

ட்ரையாஜ் அக்கா:
உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். அதற்கு ராத்திரி பகல் கிடையாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேரே வந்துவிடுங்கள்.

தூக்கம்கெட்டவள்:
குரூப்புக்கு ஒரே ஒரு வேளை ஸ்டீராய்டு கொடுத்து அனுப்பினார்கள். அவ்வளவுதானா என்று அன்று சண்டைக்கே போனேன், அக்கா.

ட்ரையாஜ் அக்கா:
பெரும்பாலும் அவ்வளவே போதும். சண்டையும் எங்களுக்குப் பழக்கம்தான்.

தூக்கம்கெட்டவள்:
இப்போது வீட்டுக்காரர் சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு ரிமோட்டுக்கு மூடியைக் காணோம். நல்லவேளை, பேட்டரி உள்ளே இருக்கிறது.