ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பும் முன் சிஸ்டர் கொடுக்கும் மருந்துகள்: உங்கள் அனுபவம்?

பெரம்பூர்க்காரன்:
அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். முதல் நாளே அட்மிஷன். ராத்திரி சிஸ்டர் இரண்டு மாத்திரை தந்தார். அல்பிரசோலம், பதற்றம் அடங்கித் தூக்கம் வர. பான்டோப்ரசோல், வயிற்று அமிலத்தைக் குறைக்க. "எனக்கென்ன பயம்?" என்று அம்மா முதல் மாத்திரையை ஒதுக்கிவிட்டார். அப்புறம் விடிய விடிய ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

காலையில் பிபி மாத்திரையால் சின்ன வாக்குவாதம். பட்டினி என்றால் மாத்திரையும் கூடாது என்பது மாமாவின் கட்சி. சிஸ்டர் மயக்க டாக்டரின் குறிப்பைப் பார்த்துவிட்டு, அம்லோடிபினை ஒரே மடக்குத் தண்ணீரில் கொடுத்தார். சர்க்கரைக்கான கிளிமெபிரைடை மட்டும் நிறுத்திவைத்தார். வெறும் வயிற்றில் அது சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடுமாம். பிறகு அலர்ஜி வருகிறதா என்று பார்க்க முன்கையில் ஆன்டிபயாட்டிக் டெஸ்ட் டோஸ், சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். முழு டோஸ் தியேட்டருக்குப் போகும்போதுதான். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போட்டால்தான், கீறும்போது மருந்து ரத்தத்தில் போதுமான அளவு இருக்கும் என்றார்.

மயிலாப்பூர் பாட்டி:
எனக்குக் கண்புரை. ஊசியை நினைத்து நடுங்கிக்கொண்டு போனால், வெறும் சொட்டு மருந்துதான். கண் பாப்பாவை விரிக்கிற டிராபிகமைடு, சில நிமிஷத்துக்கொரு முறை. லேசாக எரியும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் பெயரையும் எந்தக் கண் என்றும் கேட்டார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் கேட்கட்டும்.

நைட் டியூட்டி:
வார்டில் வேலை பார்ப்பவள் என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். கிளைக்கோபைரோலேட் ஊசி எச்சிலைக் குறைக்கும். போட்டதும் வாய் வறண்டு தண்ணீர் கேட்பார்கள். உதட்டை நனைத்துவிடுவதோடு சரி. மயக்கம் தருகிற மருந்து என்றால், முதலில் சம்மதக் கையெழுத்து, பாத்ரூம், அப்புறம்தான் மருந்து. கொடுத்தபின் கட்டில் கம்பியை ஏற்றிவிடுவோம். "நான் நடந்தே வரேன்" என்று இறங்கப் பார்ப்பவர்கள் உண்டு.

எங்களுக்குப் பெரிய தலைவலி காபி. வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேர இடைவெளி போதும், பால் கலந்துவிட்டால் ஆறு மணி நேரம். ஒரு பெரியவருக்கு விடிகாலையில் மகளே ஃபிளாஸ்கில் ஃபில்டர் காபி கொடுத்துவிட்டார். முதல் கேஸாகப் போக வேண்டியவர் மத்தியானம்தான் போனார். அதுவரை எங்கள் மேல் ஒரே கோபம், மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!