காளை விரைத்தூளில் ஆண் திலேப்பியா: எங்கே பிசகுகிறது?

தீவனம் தயாரிப்பவர்:
திலேப்பியா மீன்குஞ்சுகள் எல்லாம் ஆணாக வளர வேண்டும் என்று, காளையின் விரையை உலர்த்திப் பொடித்துத் தீவனமாகக் கொடுக்கிறார்கள். இந்த விரைத்தூள் பலிக்கவில்லை என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு கலந்தீர்கள் என்பதைத்தான். செயற்கை ஆண் ஹார்மோனான மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்றால் கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் போதும். கல்லீரல் அதை எளிதில் சிதைக்காது. விரையில் இருப்பதோ இயற்கை டெஸ்டோஸ்டிரோன். அளவும் குறைவு, சீக்கிரம் சிதைந்தும்விடும். பத்தில் ஒரு பங்கு கலந்து போட்டால் குஞ்சுக்குப் புரதம்தான் கிடைக்கும், பாலினம் மாறாது. விரைத்தூளே ஏறக்குறைய முழுத் தீவனமாக இருக்க வேண்டும். விட்டமின், தாதுக் கலவை மட்டும் கொஞ்சம் சேர்க்கலாம்.

வெட்டிய அன்றே ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, வெள்ளை உறையையும் கொழுப்பையும் உரித்தெடுங்கள். இரண்டு முறை அரைத்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பி 60 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். பெரும்பகுதி தண்ணீர்தான், ஒரு கிலோ தூளுக்கு ஆறேழு கிலோ பச்சை விரை பிடிக்கும். அரை மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, காற்றுப் புகாமல் உறைபெட்டியில் வையுங்கள். சிக்கு வாடை அடித்தால் அந்தத் தூளைக் கொட்டிவிடுவதே நல்லது. மாட்டுப் பொருளைத் தீவனத்தில் சேர்க்கச் சில நாடுகளில் தடை உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குஞ்சகத்தில் இருப்பவர்:
தூள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வயது தப்பினால் போச்சு. மஞ்சள் கரு கரைந்து நீந்தத் தொடங்கியதுமே தீவனம் வாயில் பட வேண்டும். 14 மில்லிமீட்டரைத் தாண்டிய குஞ்சில் பாலினம் முடிவாகத் தொடங்கியிருக்கும். வலையில் சலித்து அதைத் தனியே ஒதுக்குங்கள். தாய் மீன் வாயில் வைத்து அடைகாக்கும் முட்டையை எடுத்துப் பொரித்தால் எல்லாம் ஒரே வயதாக இருக்கும்.

ஒரு நாள் தீவனம் முதல் வாரம் உடல் எடையில் 20 சதவீதம், கடைசி வாரம் 10 சதவீதம். நாளுக்கு ஐந்து வேளை, 28 நாள். 0.02 கிராம் குஞ்சு 10,000 இருந்தால் மொத்தம் 200 கிராம், ஆக முதல் நாள் தீவனம் 40 கிராம். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் பெரிய குஞ்சு அள்ளித் தின்னும், சின்னது பட்டினி கிடக்கும். அந்தச் சின்னதுதான் பிறகு பெண்ணாக நிற்கும்.

இன்னொன்று, இது புரதம் மிகுந்த தீவனம். மிச்சம் அடியில் தங்கினால் அம்மோனியா ஏறிவிடும். தினமும் அடிக்கழிவை உறிஞ்சி எடுங்கள்.

பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர்:
விரைத்தூளுக்குப் பதிலாக நெருஞ்சில் மூலிகையைக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதில் வேலை செய்வதாகக் கருதப்படும் சப்போனின் என்ற வேதிப்பொருளின் அளவு செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரு தொகுதியில் பலித்த அளவு அடுத்த தொகுதியில் பலிக்கும் என்று நம்ப முடியாது.

எந்தத் தீவனமானாலும் சோதிக்காமல் விற்காதீர்கள். குஞ்சு 5 சென்டிமீட்டர் வந்ததும் 100 எடுத்து, வயிற்றறையின் மேல்புறம் ஒட்டியிருக்கும் இரண்டு மெல்லிய இழைகளை (இனப்பெருக்க உறுப்புகள்) இடுக்கியால் எடுங்கள். கண்ணாடித் தகட்டில் வைத்து அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மேல்தகட்டால் நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். வட்டவட்டமாகத் தெரிந்தால் பெண், பொடிமணல் போலிருந்தால் ஆண். ஒரே இழையில் இரண்டும் தெரிந்தால், தீவனம் தாமதமாகத் தொடங்கியிருக்கலாம் அல்லது போதாமல் போயிருக்கலாம்.