நம் வீட்டுக் குழு: சாரின் இரவு மெசேஜ்கள்

சேகர் மாமா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பெரியப்பா: சேகர், ஒரு சார் தன் பள்ளிப் பிள்ளைக்கு இரவில் அனுப்பிய மெசேஜ்களின் படத்தையா இங்கே போடுகிறாய்? முதலில் அதை நீக்கு. படத்தின் மேலேயே அந்தப் பிள்ளையின் பெயர் தெரிகிறது.

சேகர் மாமா: நீக்கிவிட்டேன் அத்தான். எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது, நான் ஒருவன் நீக்கி என்ன ஆகப்போகிறது?

ராதா அத்தை: எத்தனை குழுவில் சுற்றினால் என்ன, நம் வீட்டிலிருந்து போகக்கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி எதுவும் ஊடகத்தில் வெளிவரக்கூடாது. சாரைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு பிள்ளையின் பெயரை ஊர் முழுக்கப் பரப்புகிறார்கள்.

சேகர் மாமா: சரி, தப்புதான். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. அதில் அப்படி என்ன இருந்தது? ‘சாப்பிட்டாயா’, ‘ஏன் முகம் வாடியிருந்தது’, ‘நீ மட்டும்தான் என்னைப் புரிந்துகொள்கிறாய்’. ஒரு கெட்ட வார்த்தை உண்டா? இதற்குப் போய் சஸ்பெண்ட் செய்துவிட்டார்களே.

நித்யா: மாமா, கடைசி வரியைப் படித்தீர்களா? ‘படித்ததும் அழித்துவிடு’.

நித்யா: அதுவும் இரவு 11:40-க்கு.

பெரியப்பா: கெட்ட வார்த்தை இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நாற்பது வயது ஆள் பதினாறு வயதுப் பிள்ளையிடம் ‘நீ மட்டும்தான் என்னைப் புரிந்துகொள்கிறாய்’ என்று சொன்னால், அந்த நிமிடமே அவர் ஆசிரியர் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். தன் மனச்சுமையைத் தூக்கிப் பிள்ளையின் தலையில் வைக்கிறார். அப்புறம் அதை மறைக்கவும் சொல்கிறார். மறைக்கச் சொன்ன பிறகு அது அக்கறை என்று யார் நம்புவார்கள்?

சேகர் மாமா: எங்கள் கணக்கு வாத்தியார் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டு என்னை வைவார். அவர் கேட்காத சொந்த விஷயமே கிடையாது.

பெரியப்பா: எங்கே உட்கார்ந்து கேட்டார்? உன் அம்மா எதிரில், திண்ணையில். அவர் உன்னிடம் பேசிய எதையும் உன் வீட்டுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளச் சொன்னாரா?

சேகர் மாமா: சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நல்லதாக இருந்திருக்கும், அடி மிச்சமாகியிருக்கும்.

மீனா சித்தி: ராதா அண்ணி, ஆனால் சேகர் அண்ணா கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறதே. இது குற்றமா இல்லையா? போலீஸ் கேஸ் ஆகுமா?

ராதா அத்தை: போலீஸ் கேஸும் துறை நடவடிக்கையும் வேறு வேறு பாதை மீனா. போக்சோ 11-ஆம் பிரிவில், பாலியல் நோக்கத்தோடு பேசுவதும் குற்றம், போனிலோ இணையத்திலோ விடாமல் தொடர்புகொள்வதும் குற்றம். 12-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. கை படவே வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குற்றத்துக்குப் ‘பாலியல் நோக்கம்’ இருந்தாக வேண்டும். துறை நடவடிக்கைக்கு அது தேவையில்லை. ஆசிரியருக்குத் தகாத நடத்தை என்று காட்டினாலே போதும்.

ராதா அத்தை: அளவுகோலும் வேறு. கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில், நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று சாட்சியங்கள் காட்டினால் போதும். அதனால்தான் கோர்ட்டில் விடுதலை ஆனவரைக்கூடத் துறை தண்டிக்க முடிகிறது. ஊரில் இது யாருக்கும் புரிவதில்லை, ‘கோர்ட்டே விட்டுவிட்டது’ என்று கொடி பிடிப்பார்கள்.

பெரியப்பா: சேகர், இன்னொன்று. சஸ்பெண்ட் என்பது தண்டனை இல்லை. பணியிடை நீக்கம் என்றால், விசாரணை முடியும் வரை தள்ளி வைப்பது. பிழைப்பூதியம் கிடைக்கும். அவர் பள்ளியிலேயே இருந்தால் பிள்ளைகளையும் சக ஆசிரியர்களையும் சரிக்கட்டுவார் என்பதற்காகச் செய்வது.

சேகர் மாமா: மார்க் குறைத்த கோபத்தில் ஒரு பிள்ளை பொய்ப் புகார் கொடுத்தால்? அவர் மானம் போனது போனதுதானே?

பெரியப்பா: அதற்குத்தானே விசாரணை. தமிழ்நாட்டு அரசு ஊழியர் என்றால் 1955-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகள் இருக்கின்றன. சின்னத் தண்டனைக்கு 17(ஏ), பெரியதற்கு 17(பி). 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் அவர் எழுத்தில் விளக்கம் தரலாம், விசாரணை அலுவலர் முன் சாட்சிகளைக் கேட்கலாம், தன் சாட்சிகளையும் கொண்டு வரலாம். நானே விசாரணை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். உண்மையில் பல கோப்புகள் கெட்டுப்போவது எங்கே தெரியுமா? குற்றச்சாட்டை எழுதுவதில். ‘மாணவியிடம் ஒழுக்கக்கேடாகப் பேசினார்’ என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண்ணிலிருந்து, என்ன வாசகம் என்று ஒன்றும் இருக்காது. பிறகு மேல்முறையீட்டில் நிற்குமா? நிற்காது. ‘பள்ளியிலேயே எல்லாருக்கும் தெரியும்’ என்று ஒரு சாட்சி சொல்வார். எல்லாருக்கும் தெரியும் என்றால் என் பார்வையில் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நித்யா: அப்படியென்றால் அந்த மெசேஜை அழித்திருந்தால் சார் தப்பித்திருப்பாரா பெரியப்பா?

பெரியப்பா: முழுதாகத் தப்பிக்க முடியாது, பிள்ளையின் வாக்குமூலமே சாட்சிதான். ஆனால் வேலை கடினமாகியிருக்கும். அதனால்தான் அழிக்கச் சொல்கிறார்கள்.

ராதா அத்தை: பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிப்பது இன்னொரு கொடுமை. ஹெச்எம் ஒருமுறை, தாளாளர் ஒருமுறை, அதிகாரி ஒருமுறை, அப்புறம் போலீஸ். போலீஸுக்குச் சட்டமே சொல்கிறது: பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும், சீருடையில் போகக்கூடாது, முடிந்தவரை பெண் அதிகாரி போக வேண்டும். பள்ளிக்குள் இப்படி நிதானமாகக் கேட்பவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

ராதா அத்தை: 1996-இல் உச்ச நீதிமன்றத்துக்கு மத்திய அரசின் நவோதயா பள்ளி ஆசிரியர் ஒருவரின் வழக்கு வந்தது. மாணவியை எதிரே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும் முழு விசாரணை நடத்தாமலே அவரை வேலையை விட்டு அனுப்பியது செல்லும் என்று தீர்ப்பு. சேகர் பதறுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், நவோதயா விதிகளிலேயே அதற்குத் தனி வழி இருந்தது, சுருக்கமான விசாரணையும் நடந்திருந்தது. எல்லாப் பள்ளியும் நினைத்தபடி செய்துவிட முடியாது.

சேகர் மாமா: பதறவில்லை, படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அருண்: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். நான் ஆசிரியராக இருக்கும் கனடாவின் ஒன்டாரியோவில் சேகர் மாமாவின் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரி உண்டு. பாடம் நடத்தும் கல்லூரி இல்லை, உரிமம் கொடுக்கிற அமைப்பு. அதன் சட்டத்தில் ‘மாணவர் மீதான பாலியல் துஷ்பிரயோகம்’ என்பதற்குள் பாலியல் தன்மை கொண்ட பேச்சும் அடங்கும். வெறும் பேச்சுதானே என்று யாரும் வாதாட முடியாது.

அருண்: 2011-இலேயே மின்னணுத் தொடர்பு பற்றி எங்களுக்கு ஓர் அறிவுரை வெளியிட்டார்கள், 2017-இல் புதுப்பித்தார்கள். மாணவரோடு பேசினால் பொருத்தமான நேரத்தில், பள்ளி வைத்திருக்கிற தளத்தில் பேசு. சொந்த எண்ணை, சொந்தப் படத்தைப் பரிமாறாதே. மாணவர் நட்பு அழைப்பு அனுப்பினால் ஏற்காதே. முதலில் படித்தபோது எங்களை நம்பவில்லையே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது நிம்மதி. ‘விதி அப்படி’ என்று சொல்லி நகர முடிகிறது.

மீனா சித்தி: அங்கே தண்டனை என்ன அருண்?

அருண்: கண்டிப்பு, உரிமம் சில காலம் நிறுத்தம், உரிமம் ரத்து என்று படிகள் உண்டு சித்தி. மாணவர் மீதான பாலியல் துஷ்பிரயோகம் நிரூபணமானால் ரத்து கட்டாயம். முக்கியம் என்னவென்றால், ஒழுங்கு நடவடிக்கை முடிவு பொதுப் பதிவேட்டில் வரும், பெற்றோர் யாரும் இணையத்தில் பார்க்கலாம். இங்கே வருவதற்கு முன் நான் வேலை பார்த்த இங்கிலாந்திலும் அப்படித்தான். மூன்று பேர் குழு விசாரிக்கும், அதில் ஒருவராவது ஆசிரியர், ஒருவராவது வெளியாள். தடை விழுந்தால் அது பொதுவாக ஆயுள் தடை. மறுபரிசீலனை கேட்க அனுமதி கிடைத்தாலும் குறைந்தது இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு எடுக்கும் பள்ளி அந்தத் தடைப் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும்.

மீனா சித்தி: இங்கே தனியார் பள்ளியில் நடப்பது வேறு. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டு, அனுபவச் சான்றிதழும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த ஜூனில் பக்கத்துப் பள்ளியில் அதே ஆள், அதே பாடம். அந்தச் சான்றிதழில் ‘நன்னடத்தை’ என்றும் எழுதியிருக்கும்.

ராதா அத்தை: இந்த விஷயத்தில் எனக்கு ஆசிரியரைவிட நிர்வாகத்தின் மேல்தான் கோபம். போக்சோ 19-ஆம் பிரிவின்படி குற்றம் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. பள்ளியின் பெயர் கெடும் என்று அமுக்குகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

பெரியப்பா: தமிழ்நாட்டில் 2012-இல் ஓர் அரசாணை வந்தது. பாலியல் குற்றம் நிரூபணமான ஆசிரியரின் கல்விச் சான்றிதழ்களையே ரத்து செய்யலாம் என்று. காரணம் மீனா சொன்னதுதான், ஒரு வாசலில் வெளியேறி அடுத்த வாசலில் நுழையக்கூடாது. ஆனால் அருண் சொல்கிற மாதிரி உரிமமோ, எல்லாரும் பார்க்கும் பதிவேடோ நம்மிடம் இல்லை. ராஜினாமா வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால் நிரூபணம் என்ற பேச்சுக்கே இடம் இல்லாமல் போகிறது.

கவிதா: நான் ஒன்று கேட்கலாமா? இதையெல்லாம் படிக்கப் படிக்கக் கை நடுங்குகிறது. என் வகுப்புப் பிள்ளை ஒன்று நேற்று இரவு எனக்கு மெசேஜ் அனுப்பியது. வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை, உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள் மிஸ் என்று. இன்னும் பதில் போடவில்லை. போட்டால் நானும் இரவில் மாணவியிடம் பேசியவள் ஆகிவிடுவேனா?

பெரியப்பா: பதில் போடாமல் இருப்பதுதான் பெரிய தப்பு கவிதா. விதி, பிள்ளையைக் கைவிடுவதற்காக வரவில்லை. ‘நீ சொன்னது நல்லது. இப்போது பாதுகாப்பாக இருக்கிறாயா?’ என்று இப்போதே கேள். ஆபத்து என்று தோன்றினால் நாளை வரை காத்திருக்காதே, குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழை, ஹெச்எம்மை எழுப்பு.

அருண்: கவிதா, ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே. ‘உனக்கு உதவக்கூடிய ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கலாம், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்வேன்’ என்று எழுது. எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லித் தந்தது இதுதான். அந்தச் செய்திகளை அழிக்காதே.

கவிதா: சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் அப்புறம் அந்தப் பிள்ளை என்னிடம் பேசவே பேசாது அண்ணா.

நித்யா: பேசும் அக்கா. பிள்ளைகளுக்குப் பயம் ஹெச்எம்மிடம் போவது இல்லை. மறுநாள் ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிந்து, ஒவ்வொரு மிஸ்ஸும் பரிதாபமாகப் பார்ப்பதுதான். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அப்படி ஆனதற்கு அப்புறம் யாருமே எதையும் சொல்லவில்லை. நீங்கள் ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

பெரியப்பா: நித்யா சொல்வது சரி. ஹெச்எம்மிடம் மட்டும். நாளை காலை எத்தனை மணிக்கு, என்ன சொன்னேன் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வைத்துக்கொள். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-உம் இருக்கிறது. அப்புறம் அந்தப் பிள்ளையிடம் பேசுவதென்றால் கதவு திறந்திருக்கும் அறையில் பேசு. உன்னைக் காப்பாற்றுவதும் அதுதான், அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவதும் அதுதான்.

கவிதா: சரி பெரியப்பா. இப்போதே அனுப்புகிறேன்.

மீனா சித்தி: ட்யூஷன் சாருக்கு இந்த விதியெல்லாம் உண்டா அண்ணி? சின்னவனின் ட்யூஷன் சார் அவனுக்கே நேராகத்தான் மெசேஜ் போடுகிறார். தப்பாக எதுவும் இல்லை, நேரம் மாற்றம், டெஸ்ட் தேதி, அவ்வளவுதான்.

ராதா அத்தை: போக்சோ எல்லாருக்கும் பொருந்தும், பையன் என்றாலும் பொருந்தும். ஆனால் ட்யூஷன் சாருக்கு மேலே 17(பி) கொடுக்க யாரும் இல்லை. அங்கே விதி போடுவது நீதான். சந்தேகப்படுகிற தொனி இல்லாமல் கேள்.

மீனா சித்தி: இப்படி அனுப்பட்டுமா? ‘வணக்கம் சார். வகுப்பு பற்றிய செய்திகளைப் பெற்றோரும் இருக்கிற ஒரு குழுவில் போட முடியுமா? பையனிடம் தனியாக அனுப்புவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.’

ராதா அத்தை: இரண்டாவது வரியை எடுத்துவிடு. ‘எங்களுக்கும் நேரம் தெரிந்தால் வசதி’ என்று மட்டும் போடு. மறுத்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

சேகர் மாமா: நல்ல சாராக இருந்தால் மறுக்கமாட்டார்.

மீனா சித்தி: அனுப்பிவிட்டேன்.

மீனா சித்தி: ‘சரிங்க மேடம், நாளைக்கே குழு தொடங்கிவிடுகிறேன்’ என்று பதில் வந்துவிட்டது. மற்ற பெற்றோரின் எண்களும் கேட்கிறார்.