தேசிய கிராஸ் கன்ட்ரிக்கு முதல் தடவை போகிற பிள்ளைக்கு என்ன சொல்லி அனுப்ப?

அம்பை அப்பா:
அண்ணாச்சிமாரே, என் மகளுக்கு 17 வயது. மாநிலப் போட்டியில் தேறி, தேசிய கிராஸ் கன்ட்ரி (டிராக்கில் இல்லாமல் புல், மண், மேடு பள்ளத்தில் ஓடும் போட்டி) சாம்பியன்ஷிப்புக்குப் போகிறாள். 18 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவு, 4 கிலோமீட்டர். இதுவரை ஓடியதெல்லாம் பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்திலும் ஊர்த் தார் ரோட்டிலும்தான். 3000 மீட்டரை 11 நிமிஷம் சொச்சத்தில் ஓடுவாள், அந்தக் கணக்குப்படி 4 கிலோமீட்டரை 15 நிமிஷத்துக்குள் முடிக்கணும் என்று வாட்சைப் பார்த்துப் பார்த்து ஓடுகிறாள். இன்னொரு பக்கம், "மெடலா கிடைக்கப்போகுது, 40வது வந்தா என்ன, 50வது வந்தா என்ன" என்றும் சொல்கிறாள். ஜனவரிக் குளிரில் வடக்கே போகணும். ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ) வாங்கவா வேண்டாமா? ஓடினவர்கள் சொல்லுங்கள்.

பாளை பழைய ஓட்டக்காரன்:
முதலில் அந்த வாட்சைக் கழற்றி வீட்டில் வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. ஒரு ஊரில் புல்தரை, ஒரு ஊரில் சேறு, ஒரு ஊரில் மேடும் பள்ளமும், அதனால்தான் கிராஸ் கன்ட்ரிக்கு உலக சாதனை என்றே ஒன்று வைக்கவில்லை. இதில் நேரம் கணக்கில்லை, எத்தனாவதாக வந்தோம் என்பதுதான் கணக்கு.

40ம் 50ம் ஒன்று என்று அவள் நினைப்பதுதான் பெரிய தப்பு. தனியாள் மெடல் போக அணிக்கும் கணக்கு உண்டு. டீம் பாயின்ட் என்பது ஒவ்வொருத்தரும் வந்த இடத்தைக் கூட்டுவது, குறைந்த கூட்டல் உள்ள அணி ஜெயிக்கும். உலக சாம்பியன்ஷிப்பில் ஆறு பேர் ஓடி முதல் நாலு பேர் கணக்கில் வருவார்கள் (இங்கே எத்தனை பேர் என்று மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்க). நாலு பேர் 8, 15, 22, 40 என்று வந்தால் 85. அந்த 40வது பிள்ளை கடைசி 200 மீட்டரில் ஐந்து பேரைத் தாண்டினால் 80. முன்னால் ஓடுகிறவள் எட்டாவதிலிருந்து மூணாவதுக்குப் போய்தான் அதே ஐந்து பாயின்டைக் குறைக்க முடியும், எது லேசு என்று நீங்களே சொல்லுங்க. இரண்டு அணி சமமாக நின்றாலும், கணக்கில் வரும் கடைசி ஆள் எந்த அணியில் முன்னால் வந்தாரோ அந்த அணிக்குத்தான்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி இருந்தது. கொளுத்துகிற வெயிலில் 38 பேர் கிளம்பி 15 பேர்தான் முடித்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி முதல், அவர் நாட்டு ரிடோலா இரண்டாவது. ஆனால் அணிக்கு மூணு பேர் வேணுமே. லீமடைனென் என்கிற மூணாவது பின்லாந்துக்காரர் தள்ளாடித் தள்ளாடி 12வதாக வந்து சேர்ந்த பிறகுதான் பின்லாந்துக்கு அணித் தங்கம் உறுதியானது. அதோடு ஒலிம்பிக்கிலிருந்து அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். இதை மகளுக்குச் சொல்லுங்க.

தேரிக்காட்டான்:
தார் ரோட்டில் மட்டும் ஓடினால் கணுக்காலுக்கு ஒன்றும் தெரியாது. உங்க பக்கம் கன்னடியன் கால்வாய்க்கரை இருக்கே, பிசான நெல் நிற்கிற நேரத்தில் கரை ஓரம் ஈரமாக மேடும் குழியுமாகத்தான் கிடக்கும், வாரத்தில் மூணு நாள் அங்கே விடுங்க. நாங்கள் குதிரைமொழித் தேரியில் செம்மணலில் ஏறி இறங்கி ஓடுவோம், தொடைக்கு நல்லது. ஆனால் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது புதுசாகத் தேரிக்கு வந்துவிடாதீங்க, குதிகால் நரம்பு இழுத்துக்கும். உடைமுள் பார்த்து ஓடணும், அவ்வளவுதான்.

பி.இ.டி. டீச்சர்:
அண்ணா, ஸ்பைக்ஸ் வாங்குங்க, ஆனால் இப்பவே வாங்கிப் பழக்குங்க, போட்டியன்று புது ஷூ போட்டால் கொப்புளம்தான். தரை காய்ந்திருந்தால் 9 மில்லிமீட்டர் ஆணி போதும், சேறு என்றால் 12, 15. இரண்டு செட்டும் திருகுகிற சாவியும் பையில் இருக்கட்டும்.

அப்புறம் குளிரைவிட எனக்குப் பயம் மாத்திரைதான். இரண்டு ராத்திரி ரயில், போய் இறங்கினதும் மூக்கு ஒழுகும், யாராவது மெடிக்கலில் ஒரு சளி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அதில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் போட்டி நேரத்து டோப் டெஸ்டில் மாட்டலாம், சின்னப் பிள்ளை என்று விடமாட்டார்கள். ஊக்கமருந்தைத் தடுக்கிற தேசிய அமைப்பான நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' ஆப்பில் பெயரைப் போட்டுப் பார்க்காமல் எதையும் விழுங்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்க.

ஸ்டார்ட்டில் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள், கொஞ்ச தூரத்தில் பாதை குறுகும், முழங்கை இடிக்கும். முதலில் பின்தங்கிவிட்டால் அப்புறம் சுற்றிச் சுற்றித்தான் தாண்டணும், அதற்காக முதல் 400 மீட்டரிலேயே மூச்சைக் கொட்டிவிடவும் கூடாது. நடுக் கூட்டத்துக்குள் இருந்துவிட்டால் போதும்.

அம்பை அப்பா:
ரொம்ப நன்றி. பின்லாந்துக்காரர் கதையைச் சொன்னேன், "12வதா வந்தவருக்கும் தங்கமா" என்று இரண்டு தடவை கேட்டாள். இன்றைக்குக் காலையில் வாட்ச் இல்லாமல் கால்வாய்க்கரைக்குப் போனாள். தம்பியைச் சைக்கிளில் முன்னால் விட்டு ஐந்து தடவை விரட்டிப் பிடித்திருக்கிறாள். நாளைக்கு வரமாட்டேன் என்று அவன் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருக்கிறான்.