அப்பாவின் சாக்ஸைக் கழற்றாமல் விட்ட நான்கு மாதங்கள்

அப்பாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறல். ஆறு மாதம் வீட்டில் ஆள் வைத்துப் பார்த்தோம், யாரும் நிற்கவில்லை. கடைசியில் சென்னைப் புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். பெயர் வேண்டாம், வக்கீல் எழுதாதே என்கிறார். மாதம் 28 ஆயிரம், டயப்பர் தனி, அட்வான்ஸ் ஒரு லட்சம்.

சேர்க்கும் முன் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன். என்ன பார்த்தேன்? வாசலில் துளசி மாடம், ஆபீஸ் அறையில் ஏசி, சுவரில் வாராந்திர மெனு. செவ்வாய் கிச்சடி, ஞாயிறு பாயசம். மாடியில் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் அறையைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஞாயிறுதோறும் பதினோரு மணிக்குப் போவேன். போன் பண்ணிவிட்டுத்தான் வர வேண்டும் என்பது அங்கே விதி. நான் போகும்போது அப்பா சவரம் செய்து, விபூதி பூசி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடியில் போர்வை, காலில் சாக்ஸ். சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வேன்.

நான்காம் மாதம் கார்த்திகை தீபம் வார நாளில் வந்தது. பொரி உருண்டை கொடுக்கலாம் என்று இரவு ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். செக்யூரிட்டி உள்ளே விடவே யோசித்தார். அப்பா மல்லாந்து படுத்திருந்தார். இடது குதிகாலில் சாக்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் தொட்டுத் தொட்டுக் கழற்றினேன். உள்ளே பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்துப்போன தோல், ஓரத்தில் சீழ். திருப்பிப் பார்த்தால் முதுகெலும்பு முடியும் இடத்தில் இன்னொரு புண், என் கட்டைவிரல் உள்ளே போகும் ஆழம். "வயசானா தோல் மெலிசாயிடும் சார்" என்றார் அங்கிருந்த நர்ஸ்.

ஆஸ்பத்திரியில் படுக்கைப் புண்ணைப் பார்த்து டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வச்சாங்களா?" மறுநாள் மாலை அப்பாவின் சாமான்களை எடுக்கப் போனபோது எத்தனை மணிக்குப் புரட்டினார்கள் என்று குறிக்கும் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு. அப்போது மணி ஆறு. அன்று இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக் கட்டங்களிலும் டிக் விழுந்திருந்தது. அந்தக் கட்டிலில் அப்பா இல்லவே இல்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

தம்பி, அந்த மாதிரி டிக் போட்டவர்களில் நானும் ஒருத்தி. வேறொரு ஊரில், வேறொரு இல்லத்தில் ஒன்பது வருடம் ராத்திரி டியூட்டி பார்த்தேன். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

மொத்தம் 26 பேர். அதில் 11 பேர் படுக்கை. ராத்திரிக்கு நாங்கள் இரண்டு ஆயா. ஒருவரைப் புரட்டி, டயப்பர் பார்த்து, விரிப்பு இழுத்துவிட்டு, தலையணை முட்டுக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும். கனமான ஆள் என்றால் ஒருத்தியால் முடியாது, இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்க வேண்டும். பதினோரு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 110 நிமிடம். முடித்து நிமிர்ந்தால் அடுத்த சுற்று வந்துவிடும். நடுவில் ஒரு தாத்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் அந்த சுற்று போச்சு. காலையில் மேனேஜர் வந்து கேட்பது ஒன்றுதான், நோட்டு நிரம்பியிருக்கிறதா. நிரப்பிவிடுவோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், பாவம் என் தலையில்தான். டயப்பரை எண்ணித்தான் கொடுப்பார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு. அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் கேட்டால் அரை டம்ளரோடு நிறுத்திவிடுவோம். தண்ணீர் குறைந்தால் நீர்க்கடுப்பு வரும், ஜுரம் வரும், கிழவி திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவாள். பேசுகிறாளே என்று தூக்க மாத்திரை. வீட்டுக்காரர்களிடம் "மறதி நோய் முத்திப்போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு ஏழு மணிக்கு இன்சுலின் ஊசி போட்டுவிடுவோம். இட்லி வெளியிலிருந்து வரும், சில நாள் எட்டே முக்கால் ஆகிவிடும். ஊசிக்குப் பிறகு சாப்பாடு இல்லாமல் ஒரு பாட்டிக்குச் சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, கண் சொருகி, ஆளே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். வாயில் சர்க்கரையை வைத்துத் தேய்த்துத்தான் எழுப்பினோம். அது எந்த நோட்டிலும் ஏறவில்லை.

இல்லம் பார்க்கப் போனால் கட்டடத்தை விடுங்கள். ராத்திரி எத்தனை ஆள், படுக்கையில் எத்தனை பேர், அதைக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

* * *

அக்கா எழுதியதற்குக் கீழே எழுதவே தயக்கமாக இருக்கிறது. நான் ராமநாதபுரம் மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். கொட்டகை, காலில் சங்கிலி, ஓட முடியவில்லை. அதன் பிறகு அப்படிப்பட்ட காப்பகங்களை மூடினார்கள். சங்கிலி போடக் கூடாது என்பது இப்போது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதிலிருந்து ஒரு பழக்கம், எங்கே போனாலும் கண் முதலில் பூட்டுக்குத்தான் போகும்.

மறதி நோய் இருந்த பெரியம்மாவை மதுரைப் பக்கம் ஒரு இல்லத்தில் விட்டிருந்தோம். பின்கதவில் திண்டுக்கல் பூட்டு. சாவி வாட்ச்மேன் இடுப்பில், வாட்ச்மேன் டீக்கடையில். கதவுக்கு முன்னால் பீரோ வேறு. கேட்டால், "பாட்டிங்க வெளிய போய் பஸ்ஸுல அடிபட்டா நீங்களா பதில் சொல்வீங்க?" என்றார்கள். அதுவும் நியாயமான பயம்தான், பெரியம்மாவே இரண்டு முறை பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கிறார். ஆனால் அதற்குக் கதவில் ஒரு மணி, எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போதும். பழைய சேலையைக் கிழித்து அவரை நாற்காலியோடு கட்டியிருந்ததைப் பார்த்த அன்றே கூட்டி வந்துவிட்டோம்.

* * *

புகார் எங்கே கொடுப்பது என்று யாரும் எழுதவில்லையே. முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூகநல அலுவலகம். 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்றும் அங்கேயே கேட்கலாம். 14567 முதியோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தீர்ப்பாயத்துக்குப் போ என்று எனக்குச் சொன்னார்கள், ஒரு நாள் லீவு வீண். அது பிள்ளைகளிடம் பெற்றோர் ஜீவனாம்சம் கேட்கும் இடம்.

எனக்கு நடந்தது சிரங்கு. அம்மாவுக்கு விரல் இடுக்கெல்லாம் சொறி. களிம்பு தடவினால் அடங்கும், பத்து நாளில் திரும்ப வரும். அறையில் இருந்த ஆறு பேருக்கும், துவைக்கிற அம்மாவுக்கும் ஒரே நாளில் தடவி, விரிப்புகளை எல்லாம் வெந்நீரில் போட்டால்தான் போகும் என்று தோல் டாக்டர் சொன்னார். நிர்வாகம், "உங்கம்மாவுக்கு மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்றது. எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் ஆறு பேருக்கும் மருந்து வந்தது. அம்மாவை அங்கே தொடர்ந்து வைத்திருக்கலாமா என்று கேட்டால், மனசு ஒப்பவில்லை, மாற்றிவிட்டேன்.

* * *

எங்கள் அத்தை இருக்கும் இடம் பரவாயில்லை. கட்டடம் பழசு, பெயின்ட் உரிந்திருக்கும். ஆனால் எப்போது போனாலும் கதவு திறந்திருக்கும், மூத்திர நாற்றம் இல்லை, மாதம் முதல் தேதி எல்லோரையும் எடை போட்டு எழுதுகிறார்கள். அத்தை இரண்டு கிலோ குறைந்தபோது அவர்களே போன் பண்ணினார்கள். பல்செட் உடைந்திருந்ததாம்.

* * *

தொடங்கியவன்தான் மறுபடி எழுதுகிறேன். ராத்திரி டியூட்டி அக்காவுக்கு: முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்த 110 நிமிடத்தை நானும் கணக்குப் போட்டேன்.

முதுகுப் புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. அப்பா இப்போது வேறொரு இல்லத்தில், ஏர் பெட்டில் இருக்கிறார். நேரம் சொல்லாமல் போகிறேன், சில நாள் காலை ஆறரைக்கு, சில நாள் ராத்திரி ஒன்பதுக்கு. உள்ளே நுழைந்ததுமே அப்பா வலது கையை நீட்டிக் காலைக் காட்டுகிறார், சாக்ஸைக் கழற்று என்று.