டைனி ஹவுஸுக்கு எந்த ட்ரெய்லர் எடுக்கலாம்? கட்டினவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே, நாங்க டெக்சஸ்ல இருக்கோம், 24 அடில ஒரு டைனி ஹவுஸ் (ட்ரெய்லர் மேலயே கட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு) கட்டலாம்னு பிளான்லாம் ரெடி, ட்ரெய்லர்ல வந்துதான் நிக்குது. ஒருத்தர் பழைய கேம்பரோட (கார்ல இழுத்துட்டுப் போற கேம்பிங் வண்டி) ஃபிரேமை மட்டும் சல்லிசா தர்றேங்கிறார், ஆனா அது மெல்லிசு பிளைவுட்டும் அலுமினியமும் தாங்குறதுக்குன்னே செஞ்சது, மர வீட்டு வெயிட்டுக்கு வளைஞ்சிடும்னு நான் சொல்றேன், வீட்டுக்காரர் என்னடான்னா வெல்டிங் போட்டு பலப்படுத்திக்கலாம்ங்கிறார் (அவருக்கு வெல்டிங் தெரியாது, அது வேற விஷயம்).

புதுசுன்னா 7,000 பவுண்டு தாங்குற ஆக்சில் (சக்கர அச்சு) ரெண்டு, மொத்தம் 14,000 பவுண்டு தாங்குறது பார்த்து வச்சிருக்கேன், அதுல ட்ரெய்லர் வெயிட்டும் அடக்கம்ங்கிறதால வீட்டுக்கு மிஞ்சுறது கம்மிதான், மூணு ஆக்சிலுக்கே போயிடலாமா?

அப்புறம் டெக்ஓவர் (தளம் சக்கரத்துக்கு மேல இருக்கிற ட்ரெய்லர்) எடுத்தா வீல் வெல் (சக்கரத்துக்காக தரைக்கு மேல துருத்திட்டு இருக்கிற பெட்டி) தொல்லையே இல்லாம 8.5 அடி அகலமும் முழுசா கிடைக்குது, ஆனா தரை உசந்துடும், நிறைய ஸ்டேட்ல ரோட்டுல இருந்து மொத்த உயரம் 13.5 அடிக்கு மேல போனா பர்மிட் எடுக்கணும், அதுக்குள்ள அடக்கினா லாஃப்ட்ல (கூரைக்கு அடியில இருக்கிற படுக்கைத் தட்டு) உட்காரவே முடியாது போல. தாழ்வான ட்ரெய்லர் எடுத்தவங்க வீல் வெல்லை எப்படி மறைச்சீங்க, கிச்சன் கேபினட்டுக்குள்ளயா சோஃபாவுக்கு அடியிலயா? போட்டோ இருந்தா போடுங்க ப்ளீஸ், இந்த மாசத்துக்குள்ள ஆர்டர் போடணும்.